குளியல் தொட்டியும் இரண்டடிப் பிள்ளையாரும்

இந்தப் பக்கம் உக்காந்துக்கறேனுங்க. சன்னல் பக்கம் நீங்களே இருங்க, எனக்கு எதுத்த காத்து ஆகாது. காங்கேயம் வரைக்குந்தான். நீங்க? வெள்ளகோயிலா. அப்ப எனக்கு அப்பறந்தான் எறங்குவீங்க. நல்லதாப் போச்சு, நடுவுல எந்திரிச்சு வழி உட வேண்டாம்.

என்ற சம்சாரத்தைக் கூட்டிட்டு வரப் போறேனுங்க. அவ தங்கச்சி ஊட்டுக்குப் போயி முப்பத்தாறு நாளாச்சு. சண்டையெல்லாம் இல்லீங்க. நாப்பத்தோரு வருசக் குடித்தனத்துல நான் அவளை ஒரு வார்த்தை அதட்டினதில்லை. கேட்டா அவளே சொல்லுவா. இப்பச் சொல்லுவாளான்னு தெரியலீங்க, முன்னெல்லாம் சொல்லுவா. எல்லாம் ஒரு தொட்டியினால வந்தது. மாட்டுக்குத் தண்ணி காட்டற தொட்டி இல்லீங்க. மனுசன் கால நீட்டிப் படுத்துக் குளிக்கற தொட்டி. பாத்டப்.

சிரிக்கறீங்க பாத்தீங்களா. இதுக்குத்தான் நான் யாருகிட்டயும் சொல்றதில்லை.

நாங்க இருக்கறது சிங்காநல்லூர்ல, ஒரு சின்ன அபார்ட்மெண்ட். கீழ நாலு வீடு, மேல நாலு வீடு. நான் மேல. அந்த வீட்டை எங்களுக்கு வித்தவர் ஒரு பல் டாக்டருங்க, வெளிநாட்டுல பத்து வருசம் இருந்துட்டு வந்தவர். அவர் ஆசைப்பட்டு ஒரு பாத்ரூம்ல இந்தத் தொட்டியப் பதிச்சிருந்தார். பேத்து எடுக்கோணும்னா டைல்ஸ் எல்லாம் ஒடைக்கோணும்னாங்க. கெடந்துட்டுப் போகட்டும்னு உட்டுட்டேன். நாங்க குளிக்கறது இன்னொரு பாத்ரூம்லதான். மொத ரெண்டு வருசம் தொட்டியில பெரிய வெங்காயம் கொட்டி வெச்சிருந்தோம். ஈரமில்லாத எடம், காத்தோட்டமும் இருந்துச்சு. வெங்காயம் நல்லா நின்னுச்சுங்க.

அப்பறம் சம்பூர்ணத்துக்கு முதுகு போச்சு. சம்பூர்ணம்னா என்ற சம்சாரம். கிரைண்டர் கல்லைத் தூக்கிக் கழுவறேன்னு குனிஞ்சவ நிமிரலை. டிஸ்க் வெலகியிருக்குதுன்னாங்க. மாத்திரை, தைலம், பெல்ட்டு எல்லாம் பாத்தாச்சு. ராத்திரி திரும்பிப் படுக்கறக்கே கட்டில் சட்டத்தைப் புடிச்சுட்டு அழுவா. கடைசியில ஒரு டாக்டரம்மா, தெனமும் வெதுவெதுப்பான தண்ணியில அரை மணி நேரம் மெதந்த மாதிரி படுத்திருங்க, தண்ணி ஒடம்பத் தாங்கிக்கும், முதுகுக்கு ஓய்வு கெடைக்கும்னு சொன்னாங்க. எங்கூட்டுல தொட்டி இருக்குதுங்கன்னு இவ சொல்லவும், அந்தம்மா நம்பலையாம். வெங்காயத்தை அள்ளினோம். தேச்சுக் கழுவினோம். அன்னையிலிருந்து சாயந்தரம் நாலு மணியானா இவ தொட்டிக்குள்ள போயிருவா.

உள்ள போனா சத்தமே இருக்காதுங்க. எனக்கு நாலரைக்குக் காப்பி வேணும். ஒரு நாள் பொறுக்க மாட்டாமக் கதவைத் தட்டி, உசுரோட இருக்கறயான்னு கேட்டேன். "இப்பத்தானுங்க இருக்கறேன்"னா உள்ளருந்து. அதுக்கு என்ன அர்த்தம்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குப் பிடிபடலை. காப்பி அஞ்சேகாலுக்குத்தான் வந்துச்சு.

ஆனா குணமாச்சுங்க, அதைச் சொல்லோணுமில்ல. ஒரு வருசத்துல அவளே நடந்து போயி காய் வாங்கிட்டு வந்தா.

நான் மோட்டார் பம்ப் கம்பெனியில முப்பத்திநாலு வருசம். டெஸ்டிங் பாக்கறது. எத்தனை அடியிலிருந்து எத்தனை லிட்டர் வருதுன்னு தண்ணி விழுகற சத்தத்தைக் கேட்டே சொல்லிருவேன். தண்ணியப் பத்தி எனக்கு ஒருத்தர் சொல்லிக் குடுக்க வேண்டியதில்லை. இதை எதுக்குச் சொல்றேன்னா, பின்னால எல்லாரும் என்னை வெவரம் தெரியாதவன்ங்கற மாதிரி பேசினாங்க.

எங்க அபார்ட்மெண்ட்ல பிள்ளையார் நோம்பின்னா எட்டு வீட்டுலயும் களிமண் பிள்ளையார் வெப்போம். மூணாம் நாள் எல்லாத்தையும் ஒரு வேன்ல ஏத்திட்டுப் போயி கொளத்துல கரைக்கறது. வேன்ல டிரைவருக்குப் பக்கத்துல உக்காந்து மணியடிச்சுட்டுப் போறது பதினோரு வருசமா நானுங்க. இந்த வருசம் செக்ரட்டரியா வந்தவர் சென்னியப்பன்னு ஒருத்தர். மில்லுல சூப்பர்வைசரா இருந்து ரிட்டையர் ஆனவர். அவர் மீட்டிங்ல எந்திரிச்சு, இனிமே கொளமெல்லாம் வேண்டாம், கார் நிறுத்தற எடத்துல ஒரு பெரிய டிரம்ல தண்ணி புடிச்சு அதுலயே கரைச்சரலாம், மண்ணைச் செம்பருத்திக்குப் போட்டுக்கலாம்ன்னார். எல்லாரும் தலையாட்டறாங்க. நான் உடலை. மணி போச்சேன்னு இல்லீங்க, முறைன்னு ஒண்ணு இருக்குதில்ல. இன்னைக்கு டிரம்ல உடுவீங்க, நாளைக்குச் சாக்கடையில உடுவீங்க, பிள்ளையாரைச் சாக்கடையில உடறவன் குடும்பம் வெளங்காதுன்னு சொன்னேன். சொன்னதோட நிக்கலை. இதை மினிட்ஸ் புக்குல ஏத்துங்கன்னேன். எதுக்குங்க இதெல்லாம்னு சென்னியப்பன் கெஞ்சினார். ஏத்தித்தான் ஆகோணும்னு நின்னு, எழுத வெச்சு, கீழ கையெழுத்தும் போட்டேன்.

ஆனா டிரம்முன்னே முடிவாச்சு, வேனும் வேண்டாம்னுட்டாங்க. அப்பறம் ரோசத்துல ரெண்டடிப் பிள்ளையார் ஒண்ணு சொல்லி வெச்சு வாங்கினேன். மத்த ஏழு வீட்டுதும் சாணளவு. நம்முது ரெண்டடி. சுத்தமான களிமண்ணு, சாயம் கெடையாது, கண்ணுக்கு ரெண்டு குண்டுமணி. தூக்கறக்கு ரெண்டாள் வேணும். நோம்பியன்னைக்குச் சம்பூர்ணம் கொழுக்கட்டை செஞ்சா, நல்லாக் கும்பிட்டோம். மூணாம் நாள் பாத்தா அவரை என்ற ஸ்கூட்டர்ல ஏத்த முடியலீங்க. முன்னால வெச்சா ஹேண்டில் திரும்ப மாட்டேங்குது. பின்னால வெச்சுக் கட்டினா சாமிக்கு முதுகு காட்டி உக்காரோணும். ஆட்டோ கூப்பிட்டா வாசல்ல ஏழு வீடும் நின்னு வேடிக்கை பாக்கும். காரு இருக்கறது சென்னியப்பன்கிட்ட. அவர்கிட்டப் போயி நிப்பனா நானு?

அப்பத்தான் தொட்டி ஞாபகம் வந்துச்சு. யோசிச்சுப் பாருங்க, நாலு பக்கமும் செவுரு, நடுவுல தண்ணி. கொளத்துக்கும் அதுக்கும் என்ன வித்தியாசம்? கொளம் பெருசு, அவ்வளவுதான். சம்பூர்ணம், அதுல நான் படுக்கோணுமேன்னா. மூணே நாள் பொறுத்துக்கன்னேன். அவ ஒண்ணும் சொல்லலை. அவ எப்பவும் ஒண்ணும் சொல்ல மாட்டா, அதாங்க எங்க குடித்தனத்தோட சிறப்பு.

தண்ணிய நிரப்பி, மந்திரமெல்லாம் சொல்லி, பிள்ளையாரை எறக்கினேன். அருமையாக் கரைஞ்சாருங்க. மொதல்ல காது, அப்பறம் துதிக்கை, அப்பறம் தொந்தி. ரெண்டு நாள்ல தொட்டி முழுக்கச் சேறு, அதுக்கு மேல எருக்கம்பூ மெதக்குது. மூணாம் நாள் பிளக்கை உருவினேன். கொடகொடன்னு ஒரு சத்தம். சாமி போறாரு பாருன்னு கையெடுத்துக் கும்பிட்டேன். பாதித் தண்ணி போயிருக்கும். நின்னு போச்சு.

தண்ணி எங்க போகும்னு நெனச்சீங்கன்னு நீங்க கேக்கலாம். சம்பூர்ணமும் அதைத்தான் கேட்டா. நான் நெனைக்கலீங்க. தண்ணியை மேல ஏத்தறதுதான் என்ற வேலை. கீழ போறது எங்க டிபார்ட்மெண்ட் இல்லை. முப்பத்திநாலு வருசத்துல எறங்கற தண்ணியப் பத்தி ஒரு நாள்கூட எனக்கு யோசனை வந்ததில்லை. அப்பத்தான் சுருக்குன்னுச்சு. குளிக்கற தண்ணி போற பைப்பு எங்க போகுது? சாக்கடைக்குத்தானே போகுது. அப்ப நான் பிள்ளையாரை எதுல உட்டிருக்கறேன்? மினிட்ஸ் புக்குல என்ன எழுதியிருக்குது?

பாத்ரூம் கதவைச் சாத்தித் தாப்பாள் போட்டேனுங்க.

மொதல்ல கம்பி உட்டுப் பாத்தேன். களிமண்ணுல கம்பி போகும், வரும், ஓட்டை மூடிக்கும். கொதிக்கத் தண்ணி ஊத்தினேன். ஊத்தினது அப்படியே நின்னுச்சு. சோடா உப்பு போட்டேன், நொரை வந்துச்சு. குத்தறப்பெல்லாம் கன்னத்துல போட்டுக்குவேன், சாமியில்ல. கம்பியால ஒரு குத்து, கன்னத்துல ரெண்டு போடு. இப்படி அஞ்சு நாள். திருமூர்த்தின்னு ஒரு பிளம்பர் இருக்கறான், அவனைக் கூப்பிடலாமேன்னு சம்பூர்ணம் தெனமும் சொன்னா. நல்ல வேலைக்காரன்தான். ஆனா எட்டு வீட்டுக்கும் அவன்தான் பிளம்பர். இங்க சேத்தை எடுத்தான்னா அங்க சென்னியப்பன்கிட்ட வாயில எடுப்பான். அவனைக் கூப்பிடப்படாதுன்னுட்டேன்.

அஞ்சு நாள்ல அவளுக்கு மறுபடியும் வலி ஆரம்பிச்சிருச்சு. நாலு மணிக்கு பாத்ரூம் வாசல்ல வந்து நிப்பா. சேத்தைப் பாத்துட்டு, சுடுதண்ணிப் பையை எடுத்துட்டுப் போயிருவா. எனக்குப் பாவமா இருந்துச்சுங்க. அதனாலதான் பெரிய வேலையாவே செஞ்சரலாம்னு முடிவு பண்ணினேன்.

கம்பெனியில இருந்து வர்றப்ப ஒரு அரை ஹெச்பி மோட்டார் நெனைவுப் பரிசாக் குடுத்தாங்க. சில பேருக்குக் கடிகாரம் குடுப்பாங்க, எனக்கு மோட்டார். அதைத் தொடச்சு எடுத்து, ஒரு டிரம் தண்ணியில உறிஞ்சற பக்கத்தைப் போட்டு, வெளிய தள்ளற பக்கத்தைத் தொட்டி ஓட்டையில வெச்சு, சைக்கிள் டியூப் சுத்தி இறுக்கிக் கட்டினேன். சம்பூர்ணத்தை சுவிட்சுகிட்ட நிக்க வெச்சேன். நான் தொட்டிக்குள்ள எறங்கி, ஓஸ் பைப்பு நழுவாம இருக்க அது மேல ஏறி நின்னுட்டேன். போடுன்னேன். போட்டா. மோட்டார் ஒரு நிமிசம் மொனகுச்சு. அப்பறம் ஒரு சத்தம் கேட்டுச்சு பாருங்க, சுவத்துக்குள்ள யாரோ பெருமூச்சு உட்ட மாதிரி. அவ்வளவுதான், தொட்டித் தண்ணி முச்சூடும் கரகரன்னு எறங்கிருச்சு. என்ன சந்தோசம்ங்கறீங்க. பாத்தியா அம்மிணி, தண்ணின்னா நம்ம பேச்சைக் கேக்கும்னேன். அவ தொட்டியைக் கழுவ வெளக்குமாத்தை எடுத்துட்டு வந்தா. சாயந்தரம் படுத்துக்கலாமுங்களான்னு கேட்டா. தாராளமாப் படுன்னேன்.

அப்பத்தான் கீழ் வீட்டுல இருந்து சங்குச் சத்தம் கேட்டுச்சு.

எங்களுக்கு நேர் கீழ பிரேமகுமாரி டீச்சர். தனியா இருக்கறாங்க, ரிட்டையர் ஆனவங்க, பக்தி ஜாஸ்தி. என்னாச்சுன்னா, மேல நான் தள்ளினது கீழ போயி வளைவுல அடைச்சிருக்குது. போறக்கு வழி இல்லாம அவங்க பாத்ரூம் தரையில தண்ணி போற ஓட்டை வழியா மேல வந்திருக்குது. அந்த ஓட்டைய மூடற சல்லடையக் கழுவறக்கு அவங்க எடுத்து வெச்சிருந்த நேரம். முறுக்குப் புழியற மாதிரி வந்திருக்குதுங்க. ஒரு முழம் ஒசரம், கை மொத்தம், மேல வரவர அப்படியே ஒரு பக்கம் வளைஞ்சு நிக்குது. துதிக்கை. நானே பாத்தேன், துதிக்கையேதான். அதோட அடியில, வேணும்னே பதிச்ச மாதிரி ஒரு குண்டுமணி. இன்னொண்ணு பைப்புக்குள்ளயே நின்னிருக்கும்.

டீச்சர் விழுந்து கும்பிட்டு எந்திரிச்சு, சங்கை எடுத்து ஊதிட்டாங்க. நான் எறங்கிப் போறதுக்குள்ள ஏழு வீடும் பாத்ரூம் வாசல்ல நிக்குது. சென்னியப்பன் சட்டையக் கழட்டி இடுப்புல கட்டிட்டார். சுயம்புன்னார். வலம்புரின்னார். பைப்பு வலது பக்கம் வளைஞ்சிருக்குது, மண்ணும் வலது பக்கம் வளையுது, இதுல வலம்புரி எங்க வந்துச்சு? ஆனா வாயத் தொறந்தா, அந்த மண்ணு எங்கிருந்து வந்துச்சுன்னு சொல்லோணும். நானும் கும்பிட்டேன். எல்லாரும் பாக்கறாங்களேன்னு ரெண்டு தோப்புக்கரணமும் போட்டேன்.

அன்னைக்குச் சாயந்தரமே மீட்டிங். வாசல்ல இருந்து பாத்தா வலம்புரி, சோப்பு வெக்கற பக்கத்துல இருந்து பாத்தா இடம்புரின்னு ஒருத்தர் கெளப்பி, அதுவே ஒரு மணி நேரம் ஓடுச்சு. சோப்புப் பக்கம் யாரும் நிக்கக் கூடாதுன்னு தீர்மானம் ஆச்சு. வாஷிங் மெஷின் மேல பட்டுத்துணி போத்தி வெளக்கு வெச்சாங்க. அபிசேகம் பண்ணலாம்னு ஒரு பேச்சு வந்துச்சு. மண்ணு கரைஞ்சுருமேன்னாங்க. அதுமில்லாம அபிசேகத் தண்ணி போறக்கு வழி வேணுமில்ல, போற வழியிலதான் சாமி இருக்கறாரு. சரி, படத்துக்குப் பண்ணிக்கலாம், நாப்பத்தெட்டு நாள் பூசை மட்டும் நடக்கட்டும்னு முடிவாச்சு. கடைசியா சென்னியப்பன் எந்திரிச்சு, சாமிக்கு நேர் மேல நம்ம குழந்தைவேலு அய்யா வீட்டு பாத்ரூம் இருக்குது, குளிச்ச தண்ணி சாமி மேல எறங்கினா தோசம், அதனால அந்த லைனை மூடிரோணும்னார். எல்லாரும் என்னைப் பாத்தாங்க. அய்யா அன்னைக்கே சாக்கடையப் பத்திச் சொன்னவர், அவர் பெரிய மனசு பண்ணுவாருன்னார் சென்னியப்பன். அதோட நிறுத்தியிருந்தா யோசிச்சிருப்பேன். பூசைக் கமிட்டிக்கு அய்யாதான் தலைவரா இருக்கோணும்னும் சொல்லிட்டார். கை தட்டறாங்க. அந்த நேரத்துல என்னங்க பண்றது? திருமூர்த்தி வந்து எங்க தொட்டி ஓட்டைக்குச் சிமெண்டு வெச்சுப் பூசிட்டுப் போனான்.

சம்பூர்ணம் பாத்துட்டே இருந்தா. அவன் போனதும், போயி உள்ளதைச் சொல்லிருங்கன்னா. எப்படிச் சொல்றதுன்னேன். நாப்பத்தெட்டு நாள் போகட்டும், அப்பறம் பாத்துக்கலாம்னேன். ரெண்டாம் நாளும் சொன்னா. மூணாம் நாளும் சொன்னா. நாலாம் நாள் காலையில பூசைக்கு நான் பூ வாங்கிட்டு வர்றேன், இவ பையை எடுத்து வெச்சிட்டு நிக்கறா. தங்கச்சி ஊட்டுக்குப் போறேன்னா. ஒரு கை செவுத்தைப் புடிச்சிருக்குது. எதுக்குன்னேன். அவ கேட்டா:

"அந்தத் தொட்டியில கரைக்கறப்ப, இவ எதுல படுப்பாள்னு ஒரு நிமிசம் நெனச்சீங்களா?"

நான் சொன்னேன், அது நாலு இஞ்சு பைப்பா இருந்திருந்தா இந்தப் பிரச்சினையே வந்திருக்காது அம்மிணி, அந்தப் பல் டாக்டர் ரெண்டு இஞ்சு போட்டு உட்டுட்டுப் போயிட்டாருன்னு. உண்மையைத்தானுங்க சொன்னேன். அவ செருப்பை மாட்டிட்டு, ஆட்டோவக் கூப்பிடுங்கன்னா.

அப்பறம் வீடு வீடா இல்லீங்க. காலையில பூசை, பதினோரு மணி வரைக்கும் கூட்டம், அது பரவாயில்லை. சாயந்தரம் நாலு மணியானா எனக்கு என்ன பண்றதுன்னு தெரியறதில்லை. தொட்டி ஓரத்துல போயி உக்காந்துக்குவேன். நாலரைக்கு நானே காப்பி போட்டுக்குவேன், பாதி குடிச்சுட்டு வெச்சுருவேன். அவ இல்லாம இருக்க முடியலீங்க எனக்கு. இதை வேற யாருகிட்டச் சொல்ல முடியும்?

அப்படி இருக்கறப்ப, பூசை ஆரம்பிச்ச முப்பத்தஞ்சாம் நாளு, மனசாட்சி உறுத்திருச்சு. உண்மையைச் சொல்லிரோணும்னு தோணிருச்சு. அன்னைக்குத்தான் சென்னியப்பனுக்குப் பரிவட்டம் கட்டினாங்க. தலைவர் நானிருக்க, செக்ரட்டரிக்குப் பரிவட்டம். அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லீங்க. தற்செயலா ரெண்டும் ஒரே நாள்ல வந்துச்சு.

பாத்ரூம் வாசல்ல எல்லாரும் இருக்கறப்பவே சொன்னேன். இது சுயம்பு இல்லை, நான் தொட்டியில கரைச்ச ரெண்டடிப் பிள்ளையார், அரை ஹெச்பி மோட்டார் வெச்சுத் தள்ளினேன், துதிக்கை வளைஞ்சது பைப்போட வளைவுன்னு, டெஸ்டிங் ரிப்போர்ட் மாதிரி ஒண்ணு விடாமச் சொன்னேன். டீச்சர் கண்ணுல தண்ணி. சரி, அடி விழப் போகுதுன்னு நின்னேன்.

டீச்சர் என்ற கால்ல விழுந்துட்டாங்க. மேல கரைஞ்சவர் கீழ மொளைச்சிருக்கறாருன்னா இதைவிட என்ன அற்புதம் வேணும்னாங்க. நான் அற்புதமில்லை, பிரசருங்கன்னேன். அய்யாவோட அடக்கத்தப் பாருங்கன்னு ஒருத்தர் சொன்னார். சென்னியப்பன் மட்டும் கையக் கட்டிட்டு யோசிச்சார். நேராப் போயி மினிட்ஸ் புக்கை எடுத்துட்டு வந்துட்டார். படிக்கறாருங்க: "பிள்ளையாரைச் சாக்கடையில் விடுபவன் குடும்பம் விளங்காது. இப்படிக்கு, குழந்தைவேலு." இப்படிச் சொன்ன மனுசன் அதே காரியத்தைச் செய்வாரா, சம்சாரம் ஊருக்குப் போன வெசனத்துல அய்யா என்னமோ பேசறாருன்னார். எல்லாரும் ஆமான்னாங்க. என்ற கையெழுத்தே எனக்கு எதிரா வந்து நிக்குதுங்க. நான் தப்புப் பண்ணினேன்னு சொன்னா ஒருத்தர்கூட நம்ப மாட்டேங்கறாங்க. இது எப்பேர்ப்பட்ட அவமானம்னு பாருங்க. வாழ்க்கையில ஒரு பொய் சொன்னதில்லை நானு. அந்த முப்பத்தஞ்சு நாளைத் தவிர.

சாட்சி இருக்குதுங்களான்னு கேட்டார் சென்னியப்பன். இருக்குது. சுவிட்சு போட்டது யாரு? சம்பூர்ணம். பிள்ளையாரைத் தொட்டிக்குக் கொண்டு போறப்ப இந்தப் பக்கம் புடிச்சது யாரு? அவதான். ஆமாங்க, முதுகு வலியோடதான், ரெண்டாள் வேணும்னு சொன்னேனில்ல. அதனால ஒரு வாக்குமூலம் டைப் பண்ணி எடுத்துட்டுப் போறேன். இந்தப் பையிலதான் இருக்குது. படிச்சுக் காட்டட்டுங்களா? "மேற்படி பிள்ளையாரை என் கணவர்தான் அடைத்தார் என்றும், அதை நான் கண்ணால் கண்டேன் என்றும்..." ஒரு பக்கந்தான். கீழ அவ கையெழுத்து போட்டா முடிஞ்சுது. நாப்பத்தெட்டாம் நாளைக்குள்ள மினிட்ஸ்ல ஏத்திரோணும். அவ நேர்ல வந்து சொன்னா இன்னும் பலம். வருவா. நான் உண்மையைச் சொல்லோணும்ங்கறதுதானே அவளுக்கு? சொல்லியாச்சு. ஊரறியச் சொல்லியாச்சு. இனி வரமாட்டேன்னு சொல்ல அவளுக்கு என்ன காரணம் இருக்குது, நீங்களே சொல்லுங்க.

என்னங்க? வண்டிச் சத்தத்துல கேக்கலை.

முதுகா?

அவ முதுகு இப்ப எப்படி இருக்குதுன்னா...

போன்ல ரெண்டு தரம் பேசினேனுங்க. மொதத் தரம் மீட்டிங்ல நடந்ததைச் சொன்னேன். எல்லாத்தையும் சொன்னேன், அவ கேட்டுட்டே இருந்தா. நேத்து இந்த வாக்குமூலத்தைப் படிச்சுக் காட்டினேன். எழுத்துப் பிழை இருக்குதான்னு கேட்டேன். இல்லைன்னா. அப்பறம் கொஞ்ச நேரம் போனை வெக்காம இருந்தா. என்னமோ கேப்பேன்னு இருந்தவ மாதிரித்தான் இருந்தா. நான், சரி நாளைக்கு பஸ்ஸுக்கு வர்றேன்னு சொல்லி வெச்சுட்டேன்.

கேக்கலீங்க. முப்பத்தாறு நாளா, அதை மட்டும் கேக்கலை.

அங்க தொட்டி இருக்குதா, படுக்கறாளா, ராத்திரி திரும்ப முடியுதா, யாரு எந்திரிக்கக் கை குடுக்கறாங்க... ஒண்ணும் தெரியாதுங்க எனக்கு.

படியூர் வந்திருச்சா? அப்ப அடுத்தது காங்கேயம். இந்தக் காயிதத்தைச் சித்த புடிங்க. இல்லீங்க, நீங்களே வெச்சுக்கங்க, எனக்கு வேண்டாம். ஏனுங்க, நீங்க இப்ப என்றகிட்ட கேட்டீங்களே, அதை அப்படியே இன்னொருக்காக் கேளுங்க. எந்த வார்த்தையில ஆரம்பிச்சீங்க?